பழக்கமில்லாத கோட்பேஸில் நூல் பிடித்துப் போவது

புது வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரம் என் பெயருக்கு ஒரு புகார் வந்தது. சந்தா முடியப்போகிறது என்று வாடிக்கையாளர்களுக்கு நினைவூட்டும் மின்னஞ்சல், சிலருக்கு மட்டும் இரண்டு முறை போகிறது. காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மென்பொருள் பல லட்சம் வரிகள் கொண்டது. பத்து ஆண்டுகளுக்கு மேல் பலர் கைபட்டு வளர்ந்தது. எழுதியவர்களில் பாதிப் பேர் வேறு இடங்களுக்குப் போய்விட்டார்கள். நான் என்ன செய்தேன் என்றால், நிரல் தொடங்கும் ஃபைலைத் திறந்து மேலிருந்து கீழாகப் படிக்க ஆரம்பித்தேன். மூன்று நாள் படித்தேன். நோட்டில் பக்கம் பக்கமாகக் குறிப்பு எடுத்தேன். மூன்றாம் நாள் மாலை டீம் லீட் வந்து "எதுவரைக்கும் வந்திருக்கீங்க?" என்று கேட்டபோது, மின்னஞ்சல் அனுப்பும் கோட் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பெரிய கோட்பேஸ், அதாவது ஒரு மென்பொருளின் மொத்த நிரல் தொகுப்பு, படித்து முடிக்கக்கூடிய பொருளே இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் 1991இல் முதன்முதலாக வெளிவந்தபோது அதில் சுமார் 10,000 வரிகள் இருந்தன. ஒருவர் சில நாட்களில் படித்துவிடலாம். இன்று அது 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. மணிக்கு 1,000 வரி, நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 250 நாள் என்று விடாமல் படித்தாலும் 15 ஆண்டுகள் பிடிக்கும். படித்து முடிக்கும்போது முதல் ஆண்டு படித்ததில் பெரும்பகுதி மாறியிருக்கும். கூகுள் தன் டீம்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் களஞ்சியத்தில் 2015 ஜனவரி நிலவரப்படி சுமார் 200 கோடி வரிகள், 90 லட்சம் சோர்ஸ் ஃபைல்கள் இருப்பதாகத் தெரிவித்தது. அதில் வேலை செய்யும் எந்த ஒருவரும் ஒரு சிறு மூலைக்கு மேல் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அவர்கள் தினமும் அதை மாற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள். முழுவதும் புரிந்த பிறகுதான் கை வைப்பேன் என்றால் யாராலும் எதிலும் கை வைக்க முடியாது.

அப்படியானால் அனுபவசாலிகள் என்ன செய்கிறார்கள்? ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கேள்விக்குச் சம்பந்தமில்லாததை எல்லாம் துணிந்து ஒதுக்குகிறார்கள். லினக்ஸ் கெர்னலையே பாருங்கள். அதன் வரிகளில் பாதிக்கும் மேல் டிரைவர்கள். அதாவது பிரிண்டர், வைஃபை, கிராஃபிக்ஸ் கார்டு போன்ற சாதனங்களோடு பேசுவதற்கான கோட். நெட்வொர்க் இணைப்பு ஏன் அறுந்துபோகிறது என்று தேடுகிறவர், பெரும்பாலும் 'டிரைவர்ஸ்' ஃபோல்டரையும், ஒவ்வொரு பிராசஸருக்கும் தனித்தனியாக எழுதப்பட்ட 'ஆர்ச்' ஃபோல்டரையும் மூடி வைத்துவிட்டு 'நெட்' ஃபோல்டரோடு நின்றுகொள்ளலாம். 3 கோடி வரி சட்டென்று அதில் ஒரு சிறு பகுதியாகச் சுருங்கிவிடுகிறது. எதைப் படிக்க வேண்டாம் என்று முடிவெடுக்கும் தைரியம்தான் புதிதாக வருகிறவரிடம் இருப்பதில்லை. என்னிடமும் இல்லை.

சரி, எங்கே தொடங்குவது? படிப்பதற்கு முன் ஓட்டிப் பார்க்க வேண்டும். கோடை இறக்கி, பில்ட் செய்து (ஓடக்கூடிய நிரலாக மாற்றி), டெஸ்ட்களை ஓடவிட்டு, நம் கணினியிலேயே அது உயிரோடு நிற்பதைப் பார்க்க வேண்டும். இதற்கே சில இடங்களில் இரண்டு நாள் ஆகும். அது வீணான நேரம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பில்ட் உடையும் ஒவ்வொரு இடமும் இந்த மென்பொருள் எதையெல்லாம் நம்பி நிற்கிறது என்று காட்டிக்கொடுக்கிறது: இந்த டேட்டாபேஸ் வேண்டும், வேலைகள் வரிசையில் காத்திருக்கும் இந்த கியூ வேண்டும், இந்தச் சூழல் மாறி (நிரலுக்கு வெளியே வைக்கப்படும் அமைப்பு மதிப்பு) இல்லாவிட்டால் எழுந்தே நிற்காது. கட்டடத்தின் வரைபடம் கையில் இல்லாதபோது, எந்தச் சுவரில் தட்டினால் எங்கே அதிர்கிறது என்று பார்த்துத்தான் உள்ளமைப்பை ஊகிக்க முடியும். ஓடுகிற மென்பொருளில் ஒரு வரியை மாற்றி, மாற்றம் திரையில் தெரிகிறதா என்று பார்க்கும் அந்த முதல் நிமிடத்தில் பயம் பாதி குறைந்துவிடும்.

மின்னஞ்சலுக்கு வருகிறேன். நான்காம் நாள் காலை, பக்கத்து இருக்கையில் இருந்த சீனியர் ஒருவர் என் நோட்டைப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் விடுங்க. அந்த மெயில்ல என்ன வாசகம் இருக்கு? அதைத் தேடுங்க" என்றார். பயனரின் கண்ணுக்குத் தெரியும் சொற்கள் கோடுக்குள் எங்கேயோ எழுதப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? பட்டனில் உள்ள பெயர், எரர் செய்தி, மின்னஞ்சலின் முதல் வரி எல்லாமே வெளியிலிருந்து உள்ளே போகும் கதவுகள். முழு வாக்கியத்தைத் தேடினேன். ஒன்றும் வரவில்லை. "உங்கள் சந்தா முடிய 3 நாட்கள் உள்ளன" என்பதில் 3 என்பது ஓடும்போது நிரப்பப்படும் எண். அது கோடில் அப்படியே இருக்காது. எண்ணுக்கு முன்னால் உள்ள துண்டை மட்டும் தேடியதும் ஒரு டெம்ப்ளேட் ஃபைல் கிடைத்தது. அந்த டெம்ப்ளேட்டை யார் அழைக்கிறார்கள் என்று அதன் பெயரைத் தேடினேன். மறுபடியும் பூஜ்யம். பெயரும் துண்டு துண்டாக ஒட்டப்பட்டிருந்தது. 'ரிமைண்டர்' என்ற முன்பகுதியோடு, எந்த வகை நினைவூட்டல் என்பது ஓடும்போது சேர்க்கப்படுகிறது. முன்பகுதியை மட்டும் தேடியபோது நான்கு இடங்கள் வந்தன. மூன்று டெஸ்ட் ஃபைல்கள். நான்காவது, நான் தேடியது. மூன்று நாளில் கிடைக்காதது இருபது நிமிடத்தில் கிடைத்தது.

உரைத் தேடல் பழைய கருவிதான். யூனிக்ஸ் இயங்குதளத்தில் 'கிரெப்' என்ற தேடல் கருவி 1973இலேயே வந்துவிட்டது. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கெனத் தாம்சன் எழுதியது. இத்தனை ஆண்டு கழித்தும் அது கையைவிட்டுப் போகாததற்குக் காரணம், அதற்கு மொழி இலக்கணம் எதுவும் தெரிய வேண்டியதில்லை. கோட், கான்ஃபிக் (அமைப்பு விவரங்கள்), டெம்ப்ளேட், டேட்டாபேஸ் ஸ்கிரிப்ட் எல்லாம் அதற்கு வெறும் எழுத்துதான். இதற்கு நேர்மாறானது எடிட்டரின் 'வரையறைக்குப் போ', 'எங்கெல்லாம் பயன்படுகிறது' வசதிகள். அவை மொழியைப் புரிந்துகொண்டு வேலை செய்பவை. முன்பு ஒவ்வொரு எடிட்டருக்கும் ஒவ்வொரு மொழிக்கும் இதைத் தனித்தனியாக எழுத வேண்டியிருந்தது. எடிட்டரும் மொழியை அறிந்த ஒரு சர்வரும் பேசிக்கொள்வதற்கான விதிமுறையான லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகாலை 2016இல் மைக்ரோசாஃப்ட் பொதுவில் வெளியிட்ட பிறகு, ஒரு மொழிக்கு ஒரு சர்வர் எழுதினால் அந்த விதிமுறையை ஏற்கும் எல்லா எடிட்டர்களும் அதைப் பயன்படுத்தலாம் என்றானது. ஒரே பெயரில் நாற்பது ஃபங்ஷன்கள் (ஒரு வேலையைச் செய்யும், பெயரிட்ட நிரல் துண்டுகள்) இருக்கும்போது, இந்த வரி அழைப்பது எந்த ஒன்றை என்று கிரெப்பால் சொல்ல முடியாது. லாங்குவேஜ் சர்வரால் பெரும்பாலும் முடியும்.

பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. புதியவர்கள் அதிகம் வழி தவறுவது அங்கேதான். எடிட்டரில் கிளிக் செய்து கிளிக் செய்து போய்க்கொண்டே இருப்போம். திடீரென்று பாதை நின்றுவிடும். இந்த ஃபங்ஷனை யாருமே அழைக்கவில்லை என்று எடிட்டர் சொல்லும். அதை நம்பி, தேவையில்லாத கோட் என்று நீக்கிவிட்டால் போச்சு. அழைப்பு இருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் கம்பியில் இருக்காது. ஃபிரேம்வொர்க் (மென்பொருளுக்கு அடித்தளமாக நிற்கும் ஆயத்த நிரல்) ஒன்று ஃபங்ஷனின் பெயரை வைத்தோ மேலே ஒட்டப்பட்ட அடையாளக் குறியை வைத்தோ ஓடும்போது அதைக் கண்டுபிடித்து அழைக்கும். கான்ஃபிக் ஃபைலில் கிளாஸ் பெயர் வெறும் எழுத்தாக எழுதப்பட்டிருக்கும். ஒரு பக்கம் கியூவில் செய்தியைப் போட்டுவிட்டுப் போய்விடும், வேறொரு சர்வரில் ஓடும் வேறொரு நிரல் அதை எடுத்து வேலையை முடிக்கும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஒரே தொடர்பு கியூவின் பெயர் மட்டுமே. இப்படிப் பாதை அறுந்த இடத்தில் அந்தப் பெயரை எழுத்தாகத் தேட வேண்டும். அதுவும் கைகொடுக்காவிட்டால் ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

எனக்கும் பாதை அப்படித்தான் நின்றது. மின்னஞ்சல் அனுப்பும் ஃபங்ஷன் கிடைத்துவிட்டது. அதை அழைப்பது யார் என்று எடிட்டருக்குத் தெரியவில்லை. சீனியர் சொன்னபடி அங்கே ஒரு பிரேக் பாயிண்ட் வைத்து, ஒரு போலிச் சந்தாவை உருவாக்கி, கியூவும் அதிலிருந்து வேலையை எடுத்துச் செய்யும் வொர்க்கரும் ஒரே நிரலுக்குள் இயங்கும் சோதனை அமைப்பில் ஓடவிட்டேன். நிரல் அந்த வரியில் வந்து நின்றதும் கால் ஸ்டாக்கைப் பார்த்தேன். யார் யாரை அழைத்து இங்கே வந்து சேர்ந்தது என்ற முழு வரிசை, கீழிருந்து மேலாக. இருபத்திரண்டு அடுக்குகள். அதில் பதினேழு ஃபிரேம்வொர்க்குக்கும் லைப்ரரிக்கும் சொந்தமானவை, எங்களுடையவை ஐந்தே ஐந்து. அந்த ஐந்து பெயர்களையும் ஒரு தாளில் ஐந்து கட்டங்களாக வரைந்து அம்புக்குறி போட்டேன். இரவில் ஓடும் ஒரு திட்டமிட்ட வேலை, சந்தா முடியப்போகிறவர்களின் பட்டியலை எடுக்கிறது. பட்டியலை நூறு நூறு பேராகப் பிரித்து கியூவில் போடுகிறது. வொர்க்கர் ஒன்று அதை எடுக்கிறது. ஒவ்வொருவருக்கும் டெம்ப்ளேட்டை நிரப்புகிறது. அனுப்புகிறது. மூன்று நாள் குறிப்புகளில் இல்லாத தெளிவு அந்த ஒரு தாளில் இருந்தது.

இந்த அழைப்பு வரிசையை, அதாவது ஸ்டாக் டிரேஸை, எரர் வந்தால் மட்டும் பார்க்கும் விஷயமாக நினைப்பவர்கள் அதிகம். என்னைக் கேட்டால், முன்பின் தெரியாத கோட்பேஸில் இதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. கோடைப் படிக்கும்போது நடக்கக்கூடிய ஆயிரம் பாதைகள் தெரியும். ஓட்டும்போது, இந்த முறை உண்மையில் நடந்த ஒரே பாதை தெரியும். பிரேக் பாயிண்ட் வைக்க உதவும் டிபக்கரை இணைக்க முடியாத இடங்களில், நடப்பதைப் பதிவு செய்யும் ஒரு லாக் வரி சேர்த்தாலும் போதும். லினக்ஸில் 'எஸ்டிரேஸ்' என்று ஒரு கருவி இருக்கிறது. ஓடும் நிரல் கெர்னலிடம் கேட்கும் ஒவ்வொன்றையும் அது காட்டும். பத்து கான்ஃபிக் ஃபைல்கள் கிடக்கும் ஃபோல்டரில் நிரல் உண்மையில் திறப்பது எதை என்ற சந்தேகத்தை அதனால் ஒரு நிமிடத்தில் தீர்த்துவிடலாம்.

இப்போது பாதை தெரிந்துவிட்டது. ஆனால் இரண்டு முறை ஏன்? லாகைப் பார்த்தபோது, ஒரே நூறு பேர் கொண்ட கட்டு, சில நாட்களில் இரண்டு வொர்க்கர்களிடம் போயிருந்தது. இரண்டுக்கும் நடுவே துல்லியமாக 30 விநாடி இடைவெளி. இப்படி உருண்டையான எண் லாகில் தெரிந்தால் அது எங்கேயோ எழுதி வைக்கப்பட்ட எண்ணாகத்தான் இருக்கும். கியூவின் கான்ஃபிக்கில் இருந்தது. எடுத்த வேலையை 30 விநாடிக்குள் முடித்ததாகச் சொல்லாவிட்டால், அந்த வொர்க்கர் செத்துவிட்டது என்று முடிவுகட்டி கியூ அதை இன்னொருவருக்குக் கொடுத்துவிடும். மின்னஞ்சல் சர்வர் மந்தமாக இருக்கும் நாட்களில் நூறு பேருக்கு அனுப்ப 40 விநாடி ஆனது. காரணம் தெரிந்துவிட்டது. 30ஐ 300 ஆக்கினால் வேலை முடிந்தது என்று கை பரபரத்தது.

அந்த இடத்தில் நிற்க வேண்டும். ஏனென்றால், அங்கே 30 என்று இருக்கிறது என்பதைத்தான் கோட் சொல்கிறது. ஏன் 30 என்று சொல்வதில்லை.

காரணம் தெரியாத வரியில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மென்பொருள் உலகம் மறக்காத ஓர் உதாரணம் உண்டு. 2006இல் லினக்ஸின் ஒரு வகையான டெபியனில், தகவலை ரகசியமாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற தொகுப்பைப் பராமரித்தவர் இரண்டு வரிகளை நீக்கினார். மதிப்பு எதுவும் வைக்கப்படாத நினைவகத்தை நிரல் படிக்கிறது என்று வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி எச்சரித்துக்கொண்டே இருந்ததுதான் காரணம். இரண்டு வரிகளும் பார்க்க ஒரே மாதிரி இருந்தன. ஆனால் இரண்டு வெவ்வேறு ஃபங்ஷன்களில் இருந்தன. ஒன்றை நீக்கியதால் பெரிய பாதிப்பில்லை. மற்றொன்றுதான், யாராலும் ஊகிக்க முடியாத எண்களை உருவாக்குவதற்கான தற்செயல் தரவை உள்ளே கலக்கும் வரி. அது போனதும், கலவையில் மாறிக்கொண்டிருந்த ஒரே பொருளாக எஞ்சியது இயங்கும் நிரலின் அடையாள எண். அதற்கு இருந்த வாய்ப்புகளோ அதிகபட்சம் 32,768. அதைக் கொண்டு உருவான ரகசியச் சாவிகள், உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறந்துவிடக்கூடியவையாக மாறின. 2008 மே மாதம்தான் இது வெளியில் தெரிந்தது. டெபியனிலும், உபுண்டு போல அதிலிருந்து கிளைத்தவற்றிலும் அந்தக் காலத்தில் உருவான எண்ணற்ற சாவிகளைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக உருவாக்க வேண்டியதாயிற்று. அந்தப் பராமரிப்பாளர் அலட்சியமானவர் இல்லை. நீக்குவதற்கு முன் ஓப்பன்எஸ்எஸ்எல் உருவாக்குநர்களிடம் பொதுவில் கேட்கவும் செய்தார். அந்த வரி ஏன் இருக்கிறது என்று அதன் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி போயிருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

ஏன் என்ற கேள்விக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் வரலாறு. கோடின் மாற்றங்களைச் சேமிக்கும் கருவியான கிட்டில் (2005இல் வந்தது), ஒவ்வொரு மாற்றத்தோடும் யார், எப்போது, என்ன காரணம் என்பது சேர்ந்தே பதிவாகிறது. 'கிட் பிளேம்' ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றிய கமிட்டை, அதாவது அப்படிப் பதிவான மாற்றத்தை, காட்டும். பெயரில் பழி இருந்தாலும் யாரையும் மாட்டிவிடுவதற்கான கருவியாக அதைப் பார்க்கக் கூடாது. ஒரு வரி எந்தச் சூழ்நிலையில் பிறந்தது என்று கேட்பதற்கான கருவி அது. சில நேரம் பிளேம் காட்டும் கமிட், மொத்த ஃபைலையும் இடைவெளி மாற்றி அழகுபடுத்திய கமிட்டாக இருக்கும். அதில் விஷயமே இருக்காது. அப்படிப்பட்டவற்றைத் தாண்டிப் பார்க்கும் வசதி 2019இல் வந்த கிட்டின் 2.23 பதிப்பில் சேர்ந்தது. 'பிக்ஆக்ஸ்' என்று இன்னொரு தேடல் இருக்கிறது. ஒரு சொல் கோடுக்குள் எந்தக் கமிட்டில் நுழைந்தது, எதில் வெளியேறியது என்று அது சொல்லும். இன்று கோடில் இல்லாத ஒன்றைப் பற்றிக் கேள்வி கேட்க அதைவிட்டால் நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. முன்பு நன்றாக இருந்தது, இப்போது உடைந்திருக்கிறது, நடுவில் 1,000 கமிட்கள் என்றால் 'பைசெக்ட்' பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போய்ப் பத்து சோதனைகளில் குற்றவாளிக் கமிட்டைப் பிடித்துத் தரும். அதற்குக் கோடைப் புரிந்துகொள்ள வேண்டிய அவசியம்கூட இல்லை.

ஆனால் வரலாறும் ஓரளவுக்குத்தான் பேசும். 'சரிசெய்யப்பட்டது' என்று ஒற்றைச் சொல்லோடு நிற்கும் கமிட் செய்திகள் எல்லாக் கோட்பேஸிலும் உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த கணினி அறிவியலாளர் பீட்டர் நவுர் 1985இல் ஒரு கட்டுரையில் இதைப் பற்றி எழுதினார். நிரலாக்கம் என்பது அடிப்படையில் ஒரு கோட்பாட்டை மனதுக்குள் கட்டியெழுப்பும் வேலை என்பது அவர் வாதம். உலகத்தின் எந்த விஷயம் நிரலின் எந்தப் பகுதிக்குள் எப்படி வந்து உட்கார்ந்திருக்கிறது, ஏன் இப்படி, புது மாற்றம் வந்தால் எங்கே பொருந்தும் என்ற அறிவு எழுதியவர்களின் தலைக்குள் இருக்கிறது. கோடும் ஆவணங்களும் அதை முழுதாகத் தாங்குவதில்லை. அந்தக் குழு கலைந்தால் நிரல் செத்துவிடுகிறது என்றே அவர் எழுதினார். அது கொஞ்சம் கடுமையான முடிவு என்று எனக்குப் படுகிறது. செத்ததாகச் சொல்லப்பட்ட பல மென்பொருள்களைப் புதியவர்கள் எழுப்பி நிறுத்தியதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் சுட்டிய இடம் சரி. கோடைப் படிக்கிறோம் என்று நாம் சொல்லும்போது, உண்மையில் இன்னொருவர் மனதில் இருந்த படத்தைத்தான் மறுபடி வரையப் பார்க்கிறோம்.

ஆட்களைப் பற்றித் தெரிந்தால் கோடும் பிடிபடும் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒரு நிறுவனம் உருவாக்கும் அமைப்பு அந்த நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்ற வடிவத்தையே எடுக்கும் என்று கணினி அறிவியலாளர் மெல்வின் கான்வே 1968இல் எழுதினார். பழைய கோட்பேஸில் வேலை செய்தவர்களுக்கு இது கண்கூடு. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு மாட்யூல்கள் இருக்கும். எந்தத் தொழில்நுட்பக் காரணமும் அகப்படாது. ஒரு காலத்தில் இரண்டு டீம்கள் இருந்தன, ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லை என்று யாராவது சொன்னால்தான் விளங்கும். லினக்ஸ் கெர்னலின் வேர் ஃபோல்டரில் 'மெயின்டெய்னர்ஸ்' என்று ஒரு ஃபைல் இருக்கிறது. எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்ற பட்டியல் அது. அந்தக் கோட்பேஸுக்குள் நுழைகிறவருக்கு நான் முதலில் காட்டுவது அந்த ஃபைலைத்தான்.

ஆட்களிடம் கேட்பதிலும் ஒரு முறை உண்டு. "இந்த சிஸ்டம் எப்படி வேலை செய்யுது?" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் ஒரு மணி நேரம் பேசுவார், நமக்கு ஒன்றும் ஒட்டாது. "இந்த வேலை இந்த வழியாகப் போகுதுன்னு நினைக்கிறேன், இந்த இடத்துல மட்டும் பிடிபடலை" என்று வரைந்த தாளோடு போனால் இரண்டே நிமிடத்தில் பதில் கிடைக்கும். இப்போது செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களிடமும் இதே கேள்விகளைக் கேட்கலாம். எங்கே பார்க்கலாம் என்று அவை விரைவாகக் கைகாட்டுகின்றன. ஆனால் அது சொன்ன பாதையில்தான் நிரல் போகிறதா என்பதை பிரேக் பாயிண்ட் வைத்து நாமே பார்த்துவிட வேண்டும்.

அந்த 30 விநாடி வரியின் மேல் பிளேம் போட்டேன். எட்டு மாதத்துக்கு முந்தைய கமிட். அதற்கு முன்பு அங்கே 300தான் இருந்திருக்கிறது! எழுதியவர் அதே தளத்தில் வேறு டீமில் இருந்தார். என் ஐந்து கட்டத் தாளை எடுத்துக்கொண்டு போனேன். பார்த்ததும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. "அதே கியூலதான் பணம் கட்டினதை உறுதி செய்யுற வேலையும் ஓடுது. வொர்க்கர் நடுவுல விழுந்துட்டா அது அஞ்சு நிமிஷம் அப்படியே நிக்கும். பணம் கட்டினவங்க திரையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. அதுக்காகத்தான் குறைச்சேன்" என்றார். நான் 300க்குத் திருப்பியிருந்தால் மின்னஞ்சல் புகார் தீர்ந்திருக்கும், அவர் எட்டு மாதத்துக்கு முன் தீர்த்த புகார் திரும்ப வந்திருக்கும்.

நினைவூட்டல்களுக்கு என்று தனியாக ஒரு கியூ வைத்தோம், அதற்கு மட்டும் 5 நிமிடம். அதோடு, யாருக்கு எந்த நினைவூட்டல் போய்விட்டது என்பதை டேபிளில் பதிந்து, அனுப்பும் முன் சரிபார்க்கச் செய்தோம். மொத்த மாற்றம் நாற்பது வரிக்குள் அடங்கிவிட்டது. கான்ஃபிக்கில் 30 என்ற எண்ணுக்கு மேலே அவர் சொன்ன காரணத்தை இரண்டு வரியில் கமென்டாக எழுதினேன். ஐந்து கட்டப் படத்தைச் சுத்தமாக வரைந்து டாக்ஸ் ஃபோல்டரில் போட்டேன். அடுத்த மாதம் சேர்ந்த ஒரு பெண், சந்தா புதுப்பிப்பு தொடர்பான வேறொரு வேலைக்காக அந்தப் படத்தைத் திறந்து, நான்காவது கட்டத்திலிருந்து கிளம்பிப் போகும் ஓர் அம்புக்குறியை நான் விட்டுவிட்டதாகச் சொல்லி, அதையும் சேர்த்து ஒரு புல் ரெக்வெஸ்ட் (மாற்றத்தை ஏற்கச் சொல்லும் கோரிக்கை) அனுப்பினார்.